குடிகாரர்கள் ஆறு பேர் தொடங்கிய மது ஒழிப்புச் சங்கம்!

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுக நகரம். 1840 ஏப்ரல் 2, வியாழக்கிழமை இரவு. லிபர்ட்டி தெருவில் சேஸ் என்பவர் நடத்திவந்த மதுக்கடையில் ஆறு நண்பர்கள் வழக்கம்போல் கூடியிருந்தார்கள். தையல்காரர் மிட்செல், தச்சர் ஹாஸ், இரும்பு அடிக்கும் கொல்லர்கள் ஆண்டர்சன், ஸ்டீர்ஸ், குதிரை வண்டி கட்டும் மெக்கர்லி, வெள்ளி வேலை செய்யும் காம்ப்பெல். ஆறு பேருக்கும் கைத்தொழில் உண்டு. பொழுது சாய்ந்தால் கால்கள் தானாகக் கடைக்கு நடக்கும் பழக்கமும் உண்டு.

அன்றைக்கு ஊரில் ஒரு பாதிரியாரின் மது எதிர்ப்புச் சொற்பொழிவு நடப்பதாகச் செய்தி. என்னதான் சொல்கிறார் கேட்போமே என்று விளையாட்டாக நான்கு பேர் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்தவர்களிடம் பழைய கிண்டல் இல்லை. அவர் பேசியதில் விஷயம் இருக்கிறது என்று அவர்கள் சொல்ல, கடைக்காரருக்கு எரிச்சல். இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாருமே வேஷதாரிகள் என்று பொரிந்தார். 'நீங்கள் வேறு எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் பிழைப்பே இதில்தானே இருக்கிறது' என்ற பாணியில் மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. பேச்சு வளர்ந்தது. கோப்பைகளும் காலியாகிக்கொண்டுதான் இருந்தன.

அந்த வாக்குவாதத்தில்தான் 'வாஷிங்டன் மது ஒழிப்புச் சங்கம்' முளைவிட்டது. அமெரிக்கா முழுக்கப் பரவி, பிற்காலத்தில் அதிபராகப் போகும் ஒருவரையே தன் மேடைக்கு அழைத்துவந்த சங்கம் அது.

குடியில் மிதந்த தேசம்

அந்தக் காலத்து அமெரிக்கர்கள் எவ்வளவு குடித்தார்கள் என்பதைக் கேட்டால் இன்றைய அமெரிக்கர்களே நம்ப மாட்டார்கள். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 15 வயதைத் தாண்டிய ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 7 கேலன், அதாவது சுமார் 26 லிட்டர் சுத்த ஆல்கஹால் உட்கொண்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய அமெரிக்கக் கணக்கைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பெண்கள் குறைவாகவே குடித்தார்கள் என்பதால், ஆண்களின் பங்கு சராசரியைவிட வெகு அதிகம்.

காரணம், மது மலிவாகக் கிடைத்தது. மேற்குப் பகுதி விவசாயிகளிடம் சோளம் மலையாகக் குவிந்தது. சரியான சாலை இல்லாத ஊரிலிருந்து சோள மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் வண்டிச் சத்தத்துக்கே விலை போய்விடும். அதையே விஸ்கியாகக் காய்ச்சிப் பீப்பாயில் அடைத்தால் லாபம், கெட்டும் போகாது. 1820-களில் ஒரு கேலன் விஸ்கி 25 சென்ட்டுக்குக் கிடைத்தது. பட்டறைகளிலும் வயல்களிலும் முற்பகல் 11 மணிக்கு ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை வேலையை நிறுத்திக் குடிப்பது வழக்கம். இன்றைக்கு நாம் டீ குடிக்கிறோமே, அந்த மாதிரி! பல இடங்களில் முதலாளியே ஊற்றிக்கொடுத்தார்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1826-ல் பாஸ்டனில் 'அமெரிக்க மது ஒழிப்புச் சங்கம்' தொடங்கியது. பத்தே ஆண்டுகளுக்குள் ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கில் கிளைகள். பாதிரியார்களும் மருத்துவர்களும் ஊர்ப் பெரியமனிதர்களும் முன்னின்று நடத்தினார்கள். பலனும் கிடைத்தது; 1840-க்குள் நாட்டின் குடி பாதிக்குக் கீழே இறங்கியது.

ஆனால், அந்தச் சங்கங்களின் கணக்கில் ஒரு கூட்டம் மட்டும் சேரவே இல்லை. ஏற்கெனவே குடிக்கு அடிமையானவர்கள்தான் அவர்கள். குடிக்காதவர்களைக் குடிக்காமலும், அளவோடு குடிப்பவர்களை அளவு மீறாமலும் பார்த்துக்கொண்டால் போதும். குடிகாரர்கள் சீக்கிரமே செத்துத் தொலைவார்கள், நாடு சுத்தமாகிவிடும் என்று அந்த இயக்கத்தின் முன்னணித் தலைவர் ஒருவரே பேசியிருக்கிறார். ஈவிரக்கமில்லாத அந்தப் பேச்சை அன்று யாரும் பெரிய தவறாக நினைக்கவில்லை. குடிகாரன் திருந்துவான் என்று அவனைப் பெற்றவளைத் தவிர யாரும் நம்பாத காலம் அது.

போதை தெளியாத முதல் கையெழுத்து

மறுபடி பால்டிமோருக்கு வருவோம். வியாழக்கிழமை தொடங்கிய பேச்சு ஞாயிறு வரை நீண்டது. அன்றும் ஆறு பேரும் ஒன்றாகத்தான் திரிந்தார்கள், ஒன்றாகத்தான் குடித்தார்கள். குடித்தபடியே, நாமே ஒரு சங்கம் தொடங்கினால் என்ன என்று முடிவெடுத்தார்கள். உறுதிமொழியை எழுதும் பொறுப்பு மிட்செலுக்கு.

'குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு' என்பார்கள். திங்கட்கிழமை விடிந்தது. மிட்செல் காகிதத்தோடு கிளம்பிவிட்டார். முதலில் போனது ஆண்டர்சன் வீட்டுக்கு. மணி 9 ஆகியும் ஆண்டர்சன் படுக்கையை விட்டு எழவில்லை. முந்தைய நாள் போதையே தெளியவில்லை. மிட்செல் உறுதிமொழியை வாசித்துக் காட்டினார். ஆண்டர்சன் மெதுவாக எழுந்து, உடை மாற்றி, தன் பட்டறைக்கு நடந்து போய், பேனாவும் மையும் எடுத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு மற்ற நால்வர். கடைசியாக மிட்செல்.

அந்தக் காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். உடம்புக்கும் பெயருக்கும் குடும்பத்துக்கும் கேடு செய்யும் பழக்கத்திலிருந்து காத்துக்கொள்ள, சாராய வகை, பீர் வகை, ஒயின், ஆப்பிளிலிருந்து எடுக்கும் சைடர் எதையும் தொட மாட்டோம். பணக்காரர்களின் பழைய சங்கங்கள் பல, ஆரம்பத்தில் ஒயினுக்கும் பீருக்கும் விலக்கு அளித்திருந்தன. இந்த ஆறு தொழிலாளிகள் அப்படி எந்தச் சந்துபொந்தும் வைக்கவில்லை.

சங்கத்துக்கு ஜெபர்சன் பெயரை வைக்கலாமா என்றுகூட யோசித்து, கடைசியில் வாஷிங்டன் பெயரை முடிவு செய்தார்கள். மிட்செல் தலைவர். சேரும் கட்டணம் 25 சென்ட், அதாவது 1820-களின் விலையில் ஒரு கேலன் விஸ்கி! மாதச் சந்தா பன்னிரண்டரை சென்ட்.

கூட்டம் நடத்த இடம்? வேறெங்கே, சேஸின் மதுக்கடைதான்! முதல் சில கூட்டங்கள் அங்கேதான் நடந்தன. நல்ல வாடிக்கையாளர்களைக் கணவர் வரிசையாக இழப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஆட்சேபிக்க, சங்கம் ஓர் உறுப்பினரின் வீட்டுக்கு மாறியது. வீடு போதாமல், பிறகு ஒரு தச்சுப் பட்டறைக்கு.

நடந்ததைச் சொல், போதும்

திங்கள்தோறும் கூடினார்கள். அடுத்த முறை வரும்போது ஆளுக்கொரு புதியவரை அழைத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு. மத விவாதம் கூடாது, அரசியல் கூடாது. சரி, கூடி உட்கார்ந்து என்ன செய்வது? பேருரை ஆற்ற இவர்களில் படித்தவர் யாருமில்லை. மிட்செல்தான் வழி சொன்னார். ஒவ்வொருவரும் எழுந்து, குடியால் தனக்கு என்ன நடந்தது, விட்ட பிறகு எப்படியிருக்கிறது என்பதைச் சொன்னால் போதும்.

யோசித்துப் பார்த்தால், சங்கத்தின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது. அதுவரை மது எதிர்ப்புக் கூட்டங்களில் குடிகாரன் ஓர் உதாரணம் மட்டுமே. மேடையில் நிற்பவர் அவனைக் காட்டி மற்றவர்களைப் பயமுறுத்துவார். இங்கே அவனே மேடையில் நின்றான். தன் பிள்ளை பட்டினி கிடந்ததையும், அடகுக்குப் போன கருவிகளையும், வேலை போனதையும் அவனே சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது தன் வீட்டுக் கதையாகவே இருந்தது. 1837-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி கைத்தொழிலாளிகளின் அடிமடியில் கை வைத்திருந்த நேரம். இழந்த வேலைக்கும் மரியாதைக்கும் ஏங்கிய மனிதர்கள் அந்தத் தச்சுப் பட்டறையில் நிறைந்தார்கள்.

மறுபடி குடித்துவிட்டவரை என்ன செய்வது? சங்கம் பரவிய ஊர்களில் உறுப்பினர்கள் அவரைத் தேடிப் போனார்கள். சாக்கடை ஓரத்தில் கிடந்தாலும் தூக்கிவந்து, குளிக்கவைத்து, சாப்பாடும் உடையும் கொடுத்து, மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். முடிந்தால் ஒரு வேலையும் தேடிக்கொடுத்தார்கள்.

'இன்னிக்கு என்னை அனுப்பாதீங்கப்பா!'

சங்கம் தொடங்கி இரண்டு மாதங்கள் கழித்து ஓர் இரவு, ஜான் ஹாக்கின்ஸ் என்பவர் அங்கே வந்து சேர்ந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். தொப்பி செய்வது தொழில். இளம் வயதிலேயே தொற்றிக்கொண்ட குடி. நடுவில் விட்டதும் உண்டு, மறுபடி விழுந்ததும் உண்டு. 1840 ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களும் நிறுத்தாமல் குடித்திருந்தார்.

ஒருநாள் காலை, படுக்கையிலிருந்து எழ முடியாத நிலை. அவருடைய சின்ன மகள் ஹன்னா மாடியேறி வந்தாள். வழக்கமாக விஸ்கி வாங்கிவர அவளைத்தான் கடைக்கு அனுப்புவார். 'இன்னிக்கு என்னை விஸ்கி வாங்க அனுப்பாதீங்கப்பா' என்று கெஞ்சினாள் மகள். அப்பா எரிந்து விழுந்து விரட்டினார். அழுதுகொண்டே இறங்கிப் போனாள்.

ஹாக்கின்ஸால் அந்த அழுகையைத் தாண்டிப் படுத்துக்கிடக்க முடியவில்லை. இனிமேல் உன்னை விஸ்கி வாங்க அனுப்பவே மாட்டேன் என்று மகளிடம் சொன்னார். அன்று இரவே சங்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். பிறகு எத்தனையோ மேடைகளில் இந்தக் கதையை அவர் சொன்னார். ஹன்னாவின் பெயரையே தலைப்பாக வைத்து 1840-களில் ஒரு சிறு நூல் வெளியாகி, வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டது.

ஹாக்கின்ஸ் பேசினால் கூட்டம் கட்டுண்டு கிடந்தது. 1841 மார்ச்சில் அவரும் மிட்செலும் இன்னும் சிலரும் நியூயார்க் போனார்கள். கிரீன் தெருவில் இருந்த தேவாலயத்தில் ஹாக்கின்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது, மேல்மாடத்திலிருந்து ஒரு குடிகாரர் எழுந்து, என்னைப் போன்றவனுக்கும் மீட்சி உண்டா என்று கேட்டார். உண்டு, இறங்கி வா என்றார் ஹாக்கின்ஸ். அந்த மனிதர் தள்ளாடியபடி இறங்கிவந்து கையெழுத்திட, அவருக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் அந்த நகரில் மட்டும் 2,000-க்கும் அதிகமான கையெழுத்துகள்.

1841 ஏப்ரல் 5, முதலாம் ஆண்டு விழா. பால்டிமோர் வீதிகளில் ஊர்வலம் போனது. குடியை விட்டவர்கள் சுமார் 1,000 பேர், கூட நடந்தவர்கள் 5,000 பேர் என்கின்றன அன்றைய பதிவுகள். ஓர் ஆண்டுக்கு முன்பு அதே வீதிகளில் விழுந்துகிடந்தவர்களை நல்ல உடையில் பார்க்க ஊரே திரண்டது.

பெண்களும் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு நியூயார்க்கில், வாஷிங்டனின் மனைவி பெயரில் 'மார்த்தா வாஷிங்டன் சங்கம்' தொடங்கினார்கள். குடிகாரர்களின் வீடுகளுக்கு நேரில் போனார்கள். கிழிந்த துணிகளைத் தைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு உணவு சேர்த்தார்கள். குடிக்கு அடிமையான பெண்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல.

இளம் வழக்கறிஞர் லிங்கன்

1842 பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்தநாள். இல்லினாய் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரின் வாஷிங்டன் சங்கம், ஒரு தேவாலயத்தில் கூட்டம் ஏற்பாடு செய்தது. பேச வந்தவர் உள்ளூர் வழக்கறிஞர். வயது 33. பெயர், ஆபிரகாம் லிங்கன்.

லிங்கனுக்கு மதுப் பழக்கம் இல்லை. ஆனால் அன்று அவர் குட்டு வைத்தது குடிக்காதவர்களுக்குத்தான். பழைய இயக்கங்கள் தோற்றதற்குக் காரணம் அவை குடிகாரர்களைத் திட்டியதும் சபித்ததும்தான் என்றார். ஒருவனை வழிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், முதலில் நீ அவனுக்கு உண்மையான நண்பன் என்பதை அவன் நம்ப வேண்டும் என்றார். இன்னொரு படி மேலே போய், குடியில் விழாதவர்கள் பலர் தப்பித்ததற்குக் காரணம் அந்த ஆசை அவர்களிடம் இல்லாததுதானே தவிர, அறிவிலோ ஒழுக்கத்திலோ உயர்ந்தவர்கள் என்பதல்ல என்றும் சொன்னார். தேவாலயத்துக்குள் நின்று இப்படிப் பேசியது சிலருக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே வந்தவர்கள் சிலர் முகம் சுளித்ததைப் பின்னாளில் அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி ஹெர்ண்டன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஆண்டில்தான் வாஷிங்டன் சங்கங்கள் உச்சத்தில் இருந்தன. கவிஞர் வால்ட் விட்மன்கூட, அப்போது இளம் பத்திரிகையாளர், மது எதிர்ப்பு நாவல் ஒன்றை 1842-ல் எழுதினார். மொத்தம் 6 லட்சம் பேர் உறுதிமொழியில் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படுகிறது. இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆர்வத்தில் கையெழுத்திட்ட, மதுவைத் தொட்டே அறியாத பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு.

எப்படிச் சரிந்தது?

ஏறிய வேகத்திலேயே இறங்கியது. 1845-க்குள் பெரும்பாலான ஊர்களில் சங்கங்கள் ஓய்ந்துவிட்டன.

கையெழுத்து வாங்குவதில் காட்டிய வேகத்தைக் கையெழுத்திட்டவரைக் காப்பாற்றுவதில் எல்லா ஊரும் காட்டவில்லை. தலைமை அலுவலகம் கிடையாது. பொதுவான விதிகளும் கிடையாது. அனுபவம் சொல்வது மெல்ல மெல்ல வேடிக்கை நிகழ்ச்சியானது. யார் கதை அதிகம் உருக்குகிறது, யார் அதிகம் சிரிக்கவைக்கிறார் என்று ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கேட்க வந்தார்கள். பேசுவதே சிலருக்குத் தொழிலாயிற்று. கூட்டங்களில் கடவுள் பெயரைச் சொல்வதில்லை என்று சபைகளுக்கு வருத்தம். 1842-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'சன்ஸ் ஆஃப் டெம்பரன்ஸ்' என்ற அமைப்போ, நோய்க்கும் சாவுக்கும் உதவித்தொகை தரும் ஏற்பாட்டோடு வந்தது. ஆட்கள் அங்கே நகர்ந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஜான் காஃப் விவகாரம். புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலாளியாக இருந்து, 1842-ல் குடியை விட்டு, நாடறிந்த பேச்சாளரானவர் காஃப். 1845 செப்டம்பரில் நியூயார்க்கில் திடீரென்று காணாமல் போனார். சுமார் ஒரு வாரம் கழித்து, ஒரு விபசார விடுதியில் போதையோடு கண்டுபிடிக்கப்பட்டார். சோடாவில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்றார் அவர். மது ஆதரவுப் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். முன்பு ஒருவர் தடுக்கி விழுந்தால் நாலு பேர் போய்த் தூக்கிவருவார்கள். இப்போது விழுந்தவர் மேடை நட்சத்திரம். விழுந்தது ஊரறிந்த செய்தி. காஃப் எழுந்து வந்தார், 1886-ல் இறக்கும்வரை பேசிக்கொண்டும் இருந்தார். வாஷிங்டன் சங்கங்களுக்குத்தான் அந்தப் பலம் இல்லை.

கடைசி அடி உள்ளேயிருந்தே விழுந்தது. மனம் மாற்றிக் குடியை நிறுத்துவதா, சட்டம் போட்டுக் கடையை மூடுவதா? பழைய சங்கங்களின் தலைவர்கள் சட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள். வாஷிங்டன் சங்கத்தார் பலர் அதை ஏற்கவில்லை. எந்த அரசியலை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்களோ, அது உள்ளே நுழைந்து அவர்களை இரண்டாகப் பிரித்தது. 1851-ல் மெய்ன் மாநிலம் முழு மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. நாடு தழுவிய மதுவிலக்கு 1920-ல் வந்து, 1933-ல் ரத்தானது. அது தனிக்கதை.

ஹாக்கின்ஸ் மட்டும் நிற்கவில்லை. சங்கங்கள் கலைந்த பிறகும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1858-ல் இறந்தார். மகளிடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1857-ல் பாஸ்டனில், குடிக்கு அடிமையானவர்கள் தங்கிச் சிகிச்சை பெற ஓர் இல்லம் தொடங்கியது. 1863-ல் சிகாகோவில் இன்னொன்று. இரண்டுக்குமே நிலைத்த பெயர், 'வாஷிங்டோனியன் இல்லம்.' சிகாகோ இல்லத்துக்கு நகரின் மதுக்கடை உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கையே அரசு ஒதுக்கிக் கொடுத்தது என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

பிறகு 1935-ல் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சனும் அறுவை சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். இருவருமே குடியோடு போராடியவர்கள். ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரிடம் மனம்விட்டுப் பேசினால் இருவருமே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்.' தொடங்கியபோது, தங்களுக்கு 95 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மதுக்கடையில் ஆறு பேர் இதையே செய்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவந்த பிறகு, 1945-ல் வில்சன் தங்கள் அமைப்பின் பத்திரிகையில் வாஷிங்டன் சங்கத்தின் வீழ்ச்சியைப் பற்றி எழுதினார். மதுவிலக்குச் சட்டம் உட்பட எந்த வெளி விவகாரத்திலும் கருத்துச் சொல்வதில்லை. உறுப்பினர் தன் முழுப் பெயரை ஊடகங்களில் வெளியிடுவதில்லை. அந்த அமைப்பு இன்றைக்கும் இந்த இரண்டையும் விடாமல் கடைப்பிடிக்கிறது.